கழுவாத வாளிப் பச்சை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்லலாம். வழுக்கைத் தலையாக இருந்தால் கை நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. எங்கேயாவது சந்தேகம் தட்டினால், நடந்தது சொன்னதைவிட அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பெயிண்டர் இருந்தார். கை சுத்தமான ஆள். ஒருமுறை ஒருவர் வீட்டுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார். உச்சி வெயிலில் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். வெள்ளையின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டே போய் அடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தார். அடுத்த வீட்டு அம்மாள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை குழம்பு மட்டும் ஊற்றவில்லை. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொட்டாலே நிறம் சொல்லிவிடுவார். சிவப்பு சுடுமாம், நீலம் சில்லென்று இருக்குமாம், மஞ்சள் விரல் நுனியில் கூசுமாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஊர் முழுக்க ஒழுங்காக அடித்தவர் வீட்டில் மட்டும் ஒரு சுவர்போல் இன்னொரு சுவர் கிடையாது. எந்த வேலை முடிந்தாலும் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அது அவர் வீட்டுச் சுவருக்கு வரும். அடுப்படியில் ஒரு பக்கம் முடி வெட்டும் கடை, ஒரு பக்கம் மருந்துக்கடை. குளியலறைக் கதவு ஒரு வக்கீலுடைய கேட். வீட்டைச் சுற்றி வந்தால் ஊரைச் சுற்றி வந்த மாதிரி.

அந்த வீட்டில் பிள்ளை இல்லை. இல்லையே என்று இருந்த இடத்துக்கு ஒன்று வந்தது. பெயிண்டரின் தங்கச்சி பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். பெற்றவனுக்குக் கப்பலில் வேலை. ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பச்சைப் பிள்ளையுமாக வந்து நின்றான்.

“நான் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் பாத்துக்கங்க மச்சான்.”

பிள்ளையைப் பெயிண்டர் மனைவியின் மடியில் வைத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினான்.

பெயிண்டர் மனைவி குழந்தைத் துணி தைக்கும் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறவள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் கத்தரித்து மடித்து அடுக்க வேண்டும். பெண் பிள்ளைச் சட்டை என்றால் ரோஸ் குவியல், ஆண் பிள்ளைச் சட்டை என்றால் நீலக் குவியல், இன்னும் பிறக்காத பிள்ளைக்கு மஞ்சள். “எந்தப் பிள்ளை வந்து இப்படித்தான் வேணும்னு கேட்டுச்சு?” என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். “பிள்ளைங்க எங்கக்கா கேக்குது? பெத்ததுங்கதான் கேக்குது” என்றான் அவன்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தபோது அவள் மிகவும் கண்டிப்பாக இருந்தாள். “அம்மான்னு கூப்பிடக் கூடாது. அத்தை. சொல்லு, அத்தை.” நாளைக்குப் பெற்றவன் வந்து கேட்டால் கொடுக்க வேண்டிய பிள்ளை, பழக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் கஷ்டம். பிள்ளை யோசித்துப் பார்த்தது. சொன்ன பேச்சையும் கேட்டது, தன் இஷ்டத்தையும் விடவில்லை. “அத்தம்மா” என்றது. அதற்குப் பிறகு பெயிண்டரே மனைவியை அப்படித்தான் கூப்பிட்டார்.

இனி நிறத்துக்கு வரலாம்.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம். பெயிண்டர் ஒரு பல் டாக்டருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். நோயாளிகள் உட்காரும் அறைக்கு இளந்தளிர்ப் பச்சை கேட்டிருந்தார் டாக்டர். கலக்குகிற அன்று பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல்; அத்தம்மாவுக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கலக்கினார். அது கத்திய கத்தலில், முதல் நாள் காம்பவுண்டுச் சுவருக்குக் காவி கலந்த வாளியைக் கழுவாமலே அதில் பச்சையை ஊற்றிவிட்டார். அவர் தொழிலில் அப்படி ஒரு தப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒரு சுவர் முடிந்தபோது டாக்டர் வந்து பார்த்தார். “ஏம்ப்பா, நாள் பூரா ஜனங்க வாய்க்குள்ள நான் பாக்குற கலரு இது. நிமிந்தாலும் இதையே பாக்கணுமா?”

வாளி வீட்டுக்கு வந்தது. பிள்ளை படுக்கும் மூலையில் தரையிலிருந்து பெயிண்டரின் நெஞ்சு உயரம்வரை அடித்தார். மழை பெய்து ஓய்ந்த குட்டையின் அடியில் பாசி கிடக்குமே, அந்த நிறம். சுருக்கமாகச் சொன்னால் ஊரில் யாருக்கும் வேண்டாத நிறம்.

பிள்ளைக்கு அதுதான் வேண்டும் என்றாகிவிட்டது. தூங்கப் போகும்போது ஒரு உள்ளங்கை அந்தச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அத்தம்மா கொண்டுவந்த கழிவுச் சட்டைகள், ரோஸும் நீலமும், ஒன்றையும் போட்டுக்கொள்ளாது. போட்டால் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறும் உடம்போடு வந்து நிற்கும். அத்தம்மா வெள்ளைச் சட்டைகளாகப் பொறுக்கி வந்து, அடுப்பில் சாயத் தண்ணீர் கொதிக்கவைத்து, கிளறிக் கிளறி அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தாள். விரல்களெல்லாம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டன. கம்பெனியில் “என்னக்கா, குளத்துலயா குடியிருக்க?” என்று கேட்டார்கள். விளையாட்டுச் சாமான் என்று வாங்கிக் கொடுத்த சிவப்புப் பந்தைப் பிள்ளை பூனைக்குக் கொடுத்துவிட்டது. சிமென்ட் மூட்டை கட்டிவந்த ஒரு பாசிநிறக் கயிற்றுத் துண்டுக்குத் தலை வைத்து, கால் வைத்து, மடியில் போட்டுத் தூங்கவைத்தது.

பிள்ளைக்கு நாலு வயது நடக்கும்போது கப்பல்காரன் வந்துவிட்டான். இனி கப்பல் இல்லை, துறைமுகத்திலேயே ஆபீஸ் வேலை. ஊரின் அந்தக் கோடியில் வீடு. கூடவே ஒரு பெண்.

“இவங்கதான் மச்சான்...” என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்தான். பெட்டிக்குள் ஒரே ரோஸ். ரோஸ் பொம்மை, ரோஸ் பொம்மைக்கு ரோஸ் தொட்டில், ரோஸ் குடை. பிள்ளை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை உருவிக்கொண்டது. அது பச்சை.

அத்தம்மா தேநீர் போட்டு வந்தாள். அவள் மனதில் அந்தப் பெண்ணை வெறுக்க எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள். வந்தவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள், தேநீரை ஆற்றினாள், பிஸ்கட்டை நனைத்து உடைந்து விழுந்ததும் தானே சிரித்தாள்.

“அண்ணி, நான் ஒண்ணும் தெரியாதவ. இந்த வயசு வரைக்கும் ஒரு பிள்ளையத் தூக்கிப் பழக்கமில்ல. நீங்க சொல்லிக் கொடுக்கணும்.”

“என்ன சொல்லிக் கொடுக்கிறது? பிள்ளைதான் எல்லாம் சொல்லிக் கொடுக்கும்” என்றாள் அத்தம்மா, தம்ளரைப் பார்த்துக்கொண்டு.

“அவளுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கோம் அண்ணா. சுவரெல்லாம் சிமென்ட்டாவே கிடக்கு. நீங்களே வந்து அடிச்சுக் கொடுங்க. அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும்? புது எடம், அழக் கூடாது பாருங்க.”

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. பிள்ளை மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தது. சட்டைக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல், தலையும் கைகால்களும் மட்டும் தனியாக இருக்கிற மாதிரி இருந்தது.

“ரோஸ்” என்றார் பெயிண்டர்.

கப்பல்காரன் தொடையில் தட்டினான். “நான் சொல்லல? பொம்பளப் பிள்ளைன்னா ரோஸ்தான்.”

அவர்கள் போன பிறகு அத்தம்மா தம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

“நல்லாச் சொன்னீங்க.”

“வாய்ல வந்துருச்சு.”

“வரட்டும். நாலு சுவரும் ரோஸா அடிங்க. கூரையும் அடிங்க. ஒரு வாரம் தாங்க மாட்டா. கத்துற கத்துல அவங்களே தூக்கிட்டு வந்து நம்ம வாசல்ல விட்டுட்டுப் போவாங்க. நாம கேக்க வேண்டாம். நாம ஒண்ணும் கேக்கவே வேண்டாம்.”

சுவரின் மேடுபள்ளத்தை அடைக்கப் பட்டி பூசத் தொடங்கிய அன்று மழை பிடித்தது. அந்த மழையைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: தெருக் குழாயில் தண்ணீர் திறந்தால் குழாய் வெட்கப்பட்டு மூடிக்கொண்டது. பட்டி காய்வதற்கே நாளாகியது. காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி பறக்காமல் மாவு மாதிரி திரண்டது. ப்ரைமர் அடித்துவிட்டு விரலால் தொட்டால் ரேகை விழுந்தது.

“காஞ்சுருச்சா?” என்று அத்தம்மா தினமும் கேட்பாள்.

“எங்க? பிசுபிசுங்குது.”

“நல்லது” என்று உள்ளே போய் முட்டை அவிப்பாள். சுவர் காயும்வரை பிள்ளை இங்கேதான் என்று பேச்சு. கம்பெனிக்குப் போகும்போது குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தே போனாள். மழைக்கு மரியாதை. எல்லோரும் துணி காயவில்லை என்று திட்டிய மழையை அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவிடவில்லை.

முதல் கை ரோஸ் ஒரு சுவரில் ஏறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்கள். இடம் பழகட்டுமே என்று. பெயிண்டர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மேலே ஒரு பாலிதீன் தாளைப் போர்த்திக்கொண்டு போனார். அத்தம்மா வரவில்லை.

அறை வாசலில் இறக்கிவிட்டார். பிள்ளை நிலையைத் தாண்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது, எங்கேயும் பட்டுவிடக் கூடாது என்பது போல.

“உள்ள வாடா தங்கம். இது உன் ரூம்டா” என்றாள் கப்பல்காரன் மனைவி, பிள்ளைக்குச் சித்தி.

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் பெயிண்டர் தப்பித்திருப்பார்; அழட்டும் என்றுதானே அடித்தார். அது நான்கு சுவரையும் மெதுவாகப் பார்த்தது. அப்புறம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனியவைத்துக் காதில் கேட்டது.

“மாமா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலடா.”

“பூனைக்குப் பந்து குடுத்தேன். அதுக்கா?”

“இல்லடா.”

“அப்ப வாங்கிடறேன்.”

சித்திக்கு அது காதில் விழவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்திருந்தாள். “அண்ணா, ரோஸ்தான் பிடிக்கும்னு சொன்னீங்க?”

“வெளிச்சம் பத்தலம்மா” என்றார் பெயிண்டர். “மழை பாருங்க. காஞ்சா வேற மாதிரி தெரியும்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் பிள்ளை பூனையிடமிருந்து பந்தை எப்படி வாங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தது. கெஞ்சிக் கேட்டால் கொடுத்துவிடுமாம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வீட்டு நடுவில் கோணியை விரித்து, வெள்ளை எமல்ஷனையும் அதில் நிறம் ஏற்றும் ஸ்டெய்னர் பாட்டில்களையும் பரப்பினார். பச்சை சொட்டினார், மஞ்சள் சொட்டினார், காவி ஒரு சொட்டு, கறுப்பு ஊசி முனையளவு. குச்சியால் கலக்கி அட்டையில் தடவி, தேநீர்ச் சட்டியின் மூடிமேல் வைத்துக் காயவைத்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அந்த வித்தியாசம் தெரியாதவன் பெயிண்டர் இல்லை. காய்ந்த அட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தார். பிள்ளை சுவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

“இது இல்ல.”

அடுத்தது.

“இதும் இல்ல மாமா. இது கோவமா இருக்கு.”

கம்பெனியில் கரண்ட் இல்லாததால் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சட்டைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அத்தம்மா நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நின்றது.

“என்ன பண்றீங்க?”

“கலர் கலக்குறேன்.”

“அது தெரியுது. எந்த வீட்டுக்கு?”

அவர் இன்னொரு சொட்டு மஞ்சள் விட்டார்.

“ரோஸை மறைக்கப் போறீங்களா?”

“தான் ஏதோ தப்பு பண்ணிட்டதா நெனக்கிறா, அத்தம்மா. தண்டனைன்னு நெனக்கிறா.”

“நெனக்கட்டும். அழுதா திரும்பி வருவா. இதை அடிச்சு வச்சுட்டா எதுக்கு வருவா?”

“அழுதுட்டுத்தான் வரணுமா?”

“வரணும்.” குரல் எழும்பவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அழுதுட்டே வரட்டும். நான் தொடச்சு விடுறேன். ஊருல அத்தனை வீட்டுக்கும் நல்லா அடிச்சுக் குடுத்தீங்களே, இந்த ஒரு வீட்டுக்கு மோசமா அடிக்கக் கூடாதா? ஒரே ஒரு வீடு. எனக்காக.”

“அத்தம்மா, சத்தம் போடாத. மாமாவுக்குத் தெரியல, நான் சொல்லித் தந்துட்டு இருக்கேன்” என்றது பிள்ளை. அடுத்த அட்டையைச் சுவரில் வைத்து உதட்டைப் பிதுக்கியது. “இல்லவே இல்ல.”

மதியம் வரைக்கும் அந்த நிறம் வரவில்லை. கோணி முழுக்க அட்டைகள். பார்த்தால் எல்லாம் அதேதான். பிள்ளை கையில் போனால் ஒன்றுகூட அது இல்லை. பெயிண்டருக்கு வியர்த்தது. ஒருவேளை கடவுளே வர வேண்டாம் என்று பார்க்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததும் கேவலமாக இருந்தது. வாளியை எடுத்துப் போய்த் துடைத்துக் கழுவிக் கொண்டுவந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

அத்தம்மா அந்தக் கூத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னாள். “கழுவுன வாளியில வருமா அந்தக் கலரு? மறந்து போச்சா உங்களுக்கு?”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தனை வருஷம் பெயிண்டர் வீட்டில் குடித்தனம் செய்தவளுக்கு, தப்பாகச் செய்கிறவரைத் திருத்தாமல் இருக்க வாய் விடவில்லை.

பெயிண்டர் வாளியைத் தன் பக்கம் இழுத்தார். அப்புறம் காவியை அதில் ஊற்றி, சுற்றி ஆட்டி, வடித்துக் கொட்டினார். கழுவவில்லை. அப்படியே பச்சையை ஊற்றிக் கலக்கினார். அட்டை காய்ந்தது.

பிள்ளை அதைச் சுவரில் வைத்தது. அட்டை இருக்கிற இடம் தெரியவில்லை.

“இது எதுடா?”

“இது நானு” என்றது பிள்ளை.

அத்தம்மா குனிந்து நூல் வெட்டத் தொடங்கினாள். அன்று அவள் வெட்டிய சட்டைகளில் பாதிக்குப் பொத்தானும் சேர்ந்து போய்விட்டது என்று கம்பெனியில் திருப்பி அனுப்பினார்கள்.

ரோஸின் மேல் பாசிப் பச்சை இரண்டு கை ஏறியது. சித்தி வந்து பார்த்துத் திகைத்து நின்றாள். “என்ன அண்ணா இது, இப்படி ஒரு கலரா?”

“அன்னைக்கு நான் பொய் சொன்னேம்மா. இதுதான்.”

எதற்குப் பொய் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்து, அவர் ரோலரைக் கீழே வைக்கும்வரை கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு மழை விட்டுவிட்டது. வெயிலென்றால் வெயில், சுவர் வீட்டோடு சேர்ந்து காய்ந்தது. அத்தம்மா சாயம் போட்ட சட்டைகளை மடித்து, கயிற்றுப் பொம்மையைத் துணியில் சுற்றி, பையில் வைத்தாள். பிள்ளைக்குத் தலை வாரினாள். வாரியதைக் கலைத்து மறுபடி வாரினாள். “கூப்பிட்டா போகணும். தட்டுல சோறு மிச்சம் வைக்கக் கூடாது. அவங்கள அம்மான்னு கூப்பிடலாம், தப்பில்ல” என்றாள்.

“அம்மான்னு சொன்னா அடிக்க வருவியே?”

“இப்ப அடிக்க மாட்டேன்.”

மூன்று பேரும் நடந்தே போனார்கள். அந்த வீட்டு கேட் வரைக்கும் வந்தவள் உள்ளே வரமாட்டேன் என்று தெருவிலேயே நின்றுவிட்டாள். பெயிண்டர் பிள்ளையைக் கூட்டிப் போனார். அறை வாசலில் பிள்ளை நின்றது. பார்த்தது. அவர் விரலைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டது. அப்புறம் பையைத் திறந்து கயிற்றுப் பொம்மையை எடுத்து, சுவரோரம் படுக்கவைத்து, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.

“மாமா போயிட்டு வரட்டுமாடா?”

“ம்.”

“போயிட்டு வரேன்டா.”

“மெதுவாப் பேசு மாமா. தூங்குது.”

திரும்பிப் பார்க்கும் என்று நிலையில் கொஞ்ச நேரம் நின்றார். சித்திதான் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கேட்டுக்கு வெளியே அத்தம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“அழுதாளா?”

“அழுதா.”

“ரொம்பவா?”

“ரொம்ப. உன்னக் கேட்டுக் கேட்டு அழுதா. பிரிச்சு எடுக்கவே முடியல. தேம்பித் தேம்பி...”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம்கூட அழலியா?” என்றாள்.

“இல்ல.”

“என்னத் தேடலியா?”

“இல்ல அத்தம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருத் திரும்பும் இடத்தில் நின்று, எட்டிப் பிடிக்கட்டும் என்று அவருக்காகக் காத்திருந்தாள். “நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க” என்றாள்.

பிள்ளை அந்த அறையில் ஒரு நாளும் தூங்கியதில்லை. முதல் நாளிலிருந்தே சித்தியின் கட்டிலில்தான் படுக்கிறது, சித்தியின் அறைக்கு நாலு சுவரும் ரோஸ்.